கதவைச் சாத்துவது சம்மதம் ஆகாது

விசாலாட்சி போன செய்தி வந்தபோது நான் மீமிசலில், மாமியார் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். என் வீட்டுக்காரர்தான் போனைக் காதில் வைத்துப் பிடித்தார். மறுமுனையில் அவளுடைய அண்ணன் அண்ணாமலை. "விசாலம் போயிருச்சும்மா. காப்பி கேட்டுச்சு. ஒரு வாய் குடிச்சிட்டு அப்படியே கண்ண மூடிருச்சு. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் 'அப்பாடா'. சொன்ன பிறகுதான் திக்கென்றது. ஆனால் அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா, எங்களுக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் அழுதார்.

அவளோடு வேலை பார்த்தவர்களே, கடைசி மாதங்களில் அவளைப் பார்க்க வந்தவர்கள் யாரும் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். எலும்பு வரை பரவிய நோய். புரண்டு படுக்கவே பயந்தாள். அதனால் அந்த 'அப்பாடா'வை நான் திரும்பப் பெறுவதாக இல்லை. அவள் என்று எழுதுவதையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் என்று எழுதினால் வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போல் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அவளை 'ஆச்சி' என்றுதான் கூப்பிட்டீர்கள். திருமயம் பக்கத்துக் குடும்பத்துப் பெண் என்பதால் நான் கிண்டலுக்கு ஆரம்பித்து வைத்த பெயர் அது. கடைசியில் ஜெர்மனிக்காரர்கள் கூட மீட்டிங்கில் 'ஆச்சி' என்றார்கள்.

செதிலைக் கழுவிக்கொண்டு எழுந்தபோது இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவள் என்னிடம் வாங்கிய வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவள் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவள் வீட்டிலேயே பலருக்கு அது என்னவென்று தெரியாது. துக்கத்துக்கு வந்த ஒருவர், "கம்ப்யூட்டர்ல கதை எழுதுற வேலையாமே" என்றார். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் தப்பில்லை.

இப்போது வரும் வண்டிகளில் பிரேக்கைக் காலால் மிதிப்பது மட்டும் இல்லை, வண்டியும் தானாகவே போட்டுக்கொள்ளும். அந்தப் பிரேக்குக்கு உள்ளே ஓடும் மென்பொருளைச் செய்வது சென்னையில் எங்கள் கம்பெனி. மென்பொருள் எழுதத் தொடங்கும் முன், அது யாருக்கு, எந்த நேரத்தில், என்ன செய்து தர வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் வருகிறார், இதைச் செய்கிறார், வண்டி அதைச் செய்கிறது, அது நடக்காவிட்டால் இது நடக்கிறது என்று வரிசையாகப் போகும். யூஸ் கேஸ் என்பார்கள். அதை எழுதுகிறவள் ஆச்சி. அவள் எழுதியபடி வண்டி நடக்கிறதா என்று குடைந்து பார்க்கிறவள் நான், டெஸ்டிங். மருமகள் சமையலில் மாமியார் உப்புப் பார்ப்பது போன்ற உறவு என்று அவளே சொல்வாள். வல்லத்திராக்கோட்டைக்காரியான நானும் அவளும் ஒரே மாவட்டம் என்று தெரிந்த பிறகும் சண்டை குறையவில்லை. சண்டைக்கு வட்டாரப் பேச்சு கிடைத்தது, அவ்வளவுதான்.

அவளை முதன்முதலில் நான் கவனித்தது ஒரு சாப்பாட்டு வேளையில். ஒரு புது ஆள், 'ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்குகிறார்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கேன்டீனுக்குப் போகலாம். ஆச்சி, "எதுக்கு எறங்குறாரு?" என்றாள். வீட்டுக்குப் போகத்தான் என்றார் அவர். டயரைப் பார்க்க இறங்க மாட்டாரா, கேட்டைத் திறக்க இறங்க மாட்டாரா, வழியில் முனியய்யா கோயிலில் சூடம் கொளுத்த இறங்க மாட்டாரா, ஒன்றுக்குப் போக இறங்க மாட்டாரா என்று அடுக்கினாள். கேட்டைத் திறக்க இறங்கினவர் திரும்பி வருவார், வீட்டுக்குப் போனவர் வர மாட்டார், வண்டி இரண்டு பேரையும் ஒரே மாதிரி நடத்தினால் எப்படி என்றாள். அந்த ஆள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, "அப்புறம்?" என்றாள். "அப்புறம்? அதுக்கப்புறம்?" நாங்கள் போனபோது சாம்பாரில் காய் இல்லை. பசியில் எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அப்படியே விட்டிருக்கக்கூடாது, ஆனால் அவள் தன் அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டாள்.

இன்னொரு வழக்கம் அவளுக்கு இருந்தது. எந்த யூஸ் கேஸ் எழுதினாலும் கடைசியில், 'எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்' என்று ஒரு வரி தமிழில் போடுவாள். ஆங்கில ஆவணத்தில் இது என்ன என்று மேலாளர் வெட்டுவார். அடுத்த திருத்தத்தில் திரும்ப வந்திருக்கும். சோதித்துப் பார்க்க முடியாத வரியை எழுதாதே என்று நானும் கத்தியிருக்கிறேன். "மத்த வரியெல்லாம் எதுக்குடி எழுதுறேன்? இந்த ஒரு வரி நடக்கத்தானே" என்பாள். மற்றவர்களுக்கு அனுப்பும் பிரதியில் இல்லாவிட்டாலும் எனக்கு அனுப்பும் பிரதியில் அந்த வரி தவறாமல் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தவள் மாலையில் எனக்குப் போன் செய்தாள். குரல் நடுங்கியது. ஆச்சிக்குக் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. உறவினர் ஒருவர் புதிதாக வாங்கிய காருக்கு அன்று பூசை. நம் பக்கத்துப் பூசை உங்களுக்குத் தெரியும். மாலை, சந்தனம், குங்குமம், நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். பூசாரி முன்னால் நின்று சூடம் காட்டுவார். ஓட்டுகிறவர் பெல்ட் போட்டிருக்க மாட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழம் நசுங்குகிறதா என்று தலையை வெளியே நீட்டிக் குனிந்து பார்த்தபடியே வண்டியை ஒரு முழம் நகர்த்துவார். அன்றைக்கு நகர்த்தப் போனால் வண்டி நகரவில்லை. தானாகப் பிரேக் போட்டுக்கொண்டது.

அது அதன் கடமை. கதவு திறந்திருக்கிறது, பெல்ட் இல்லை, வண்டி ஊர்கிறது என்றால் ஓட்டுநர் பிரேக் போட மறந்து இறங்குகிறார் என்று வண்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் கூடி நின்றவர்களுக்கு அது தெரியுமா? முதல் பூசையில் வண்டி நகராவிட்டால் என்ன நினைப்பார்கள்? வீட்டு அம்மாவின் முகம் செத்துவிட்டதாம். "நல்லா அமுக்குப்பா" என்று யாரோ சொல்ல, அவர் ஆக்சிலரேட்டரை நன்றாக அமுக்கினார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், கதவு திறந்திருப்பதைப் பார்த்து, நல்ல மனசோடு வெளியிலிருந்து அதைச் சாத்தினார். கதவு சாத்தியிருக்கிறது, ஆக்சிலரேட்டர் மிதி அமுங்கியிருக்கிறது. புறப்படத்தான் போகிறார் என்று வண்டி பிரேக்கை எடுத்துவிட்டது. அதுவும் அதன் கடமைதான். வண்டி பாய்ந்தது. பூசாரி அந்த நேரம் பார்த்து விபூதி எடுக்க ஓரமாகத் திரும்பியிருந்தார். அவர் கீழே வைத்திருந்த தட்டு தகடாகிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மேரி, நம்ம வண்டிக்கும் நாம இப்படித்தான்டி எழுதியிருக்கோம்" என்றாள். அது வேறு கம்பெனி கார். ஆனால் எங்கள் ஆவணத்திலும் இறங்குகிறவர் கதை ஓர் இடத்தில், புறப்படுகிறவர் கதை இன்னோர் இடத்தில். இரண்டும் நல்ல கதை. ஒரே மனிதர் இறங்குகிறவர் மாதிரியும் புறப்படுகிறவர் மாதிரியும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகச் சோதனை மேசையில் அதே வரிசையில் செய்து பார்த்தேன். திரையில் சக்கரம் பாய்ந்தது. மறுபடி செய்து பார்த்தேன், மறுபடியும் பாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்த மீட்டிங்குகளை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வண்டி ஒரு பேட்டரி வேன், சின்ன ஊர்களுக்கென்றே வடிவமைத்தது. தயாரிப்புக்குப் போக நாள் நெருங்கிவிட்டது. பூசையெல்லாம் சாதாரணப் பயன்பாடு இல்லை, விதிவிலக்கு, கதவைச் சாத்திப் பெல்ட் போட்டு ஓட்டவும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை, தலைக்கு மேல் வேலை. "சார், பூசை அன்னைக்குக் கையேடு டேஷ்போர்டுக்குள்ள கவர் பிரிக்காமக் கெடக்கும்" என்றாள் ஆச்சி. ஜெர்மனியிலிருந்து பேசியவர், ஓடப்போகிற வண்டிக்கு முன்னால் ஒரு மனிதர் ஏன் நிற்கிறார் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டார். ஆச்சி கோபப்படவில்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவள் கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து மேசையில் வைத்து, கேமராவுக்கு முன் பொம்மைக் காரை உருட்டி, நம் ஊர்ப் பூசையை அவருக்கு நடத்திக் காட்டினாள். பிறகு சொன்னதை அப்படியே தருகிறேன், ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னாள்: "எங்க ஊர்ல ஒவ்வொரு வண்டியும் மொதல்ல செய்யுற வேலையே இதுதான். மொத வேலைய எப்படி விதிவிலக்குன்னு எழுதுவீங்க?"

அந்த வெளிநாட்டுக்காரர்தான், சரி, என்ன எழுதலாம் என்று கேட்டார். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். வண்டி தானாகப் பிரேக் போட்டிருந்தால், கதவைச் சாத்தியதற்காக அதை எடுக்கக்கூடாது. ஓட்டுநர் மிதியிலிருந்து காலை முழுக்க எடுத்து, மறுபடி வைத்தால்தான் எடுக்க வேண்டும். "கதவைச் சாத்துறது சம்மதம் ஆகாது. அதை வேற யாரு வேணாலும் சாத்தலாம். கால் மட்டும்தான் அவரோடது" என்றாள். அந்த வாரம் அவளுக்கு முதுகு வலி. நாற்காலி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதுகு வலி என்னவென்று தெரிந்த பிறகு ஊருக்கே போய்விட்டாள். சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் என்று அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கட்டிலைப் போட்டு, சிகிச்சைக்கு நடுவிலும் வேலை பார்த்தாள். திருத்திய மென்பொருளைச் சோதித்து முடித்து, எல்லாம் சரி என்று நான் போய்ச் சொன்னபோது சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சந்தோஷம்தான் பட்டாள், ஆனால் ஓயவில்லை. மேசையில் சரி, வண்டியை ஓட்டிப் பார்க்கும் மைதானத்தில் சரி, அங்கே பூசாரி ஏது, நாதஸ்வரம் ஏது, பத்துப் பேர் பத்து யோசனை சொல்வது ஏது? வண்டி நகரவில்லை என்றால் மனுஷன் காலை எடுப்பானா, இன்னும் ஓங்கி மிதிப்பானா? மிதித்துக்கொண்டே இருந்தால் பூசை கெட்டுவிடும், வேனை வாங்கியவன் மனசு ஒடிந்துவிடும். இதுதான் அவளுடைய பயம். வலி மாத்திரை போட்டும் தூங்காமல் இதைத்தான் அரற்றுகிறாள் என்று அண்ணன் சொன்னார்.

அப்போதுதான் முத்தையாவின் பேச்சு வந்தது. முத்தையா அடுத்த தெருக்காரர். வேன் ஓட்டுகிறவர். மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் அவர்தான், பள்ளத்தில் இறங்காமல் ஓட்டுவதற்காகவே அவரை விட்டால் வேறு ஆளை ஒத்துக்கொள்ள மாட்டாள். பழைய வேனைக் கொடுத்துவிட்டு இந்தப் புது பேட்டரி வேனுக்குப் பதிவு செய்திருந்தார். அதற்குள் எங்கள் மென்பொருள்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எந்த இடத்தில் என்று தெரியாது.

"குடுமியான்மலையில பூசை போடுவாரு. நான் வர முடியாது. நீ போயி நில்லு" என்றாள். நான் கோயிலுக்கு முன்னால் நின்றால் எங்கள் பங்குச் சாமியார் என்ன சொல்வார் என்று கிண்டலுக்குக் கேட்டேன். "வேலையா வந்தேன்னு சொல்லு" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வண்டிக்கு முன்னால யாரையும் நிக்க விடாத. அது மொதல்ல. ஆனா முத்தையாவுக்கு எதையும் சொல்லிக்குடுக்காத. சொல்லிக்குடுத்தா அது நீ ஓட்டுன மாதிரி. அவரா என்ன செய்யுறாருன்னு பாரு." போகிறேன் என்று சொன்னேன். அதுதான் நான் கொடுத்த வாக்கு. அதற்குப் பிறகு காப்பி கேட்கும் அளவுக்குத்தான் அவளுக்குப் பேச்சு இருந்தது.

அடுத்த தெருவில் துக்கம் நடந்திருக்கும்போது பூசையா என்று முத்தையா தள்ளிப்போடப் பார்த்தார். அண்ணாமலை அண்ணன்தான் விடவில்லை, விசாலம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது, நீ போடு என்றார். நான் முதல் பஸ்ஸில் போய்க் குடுமியான்மலையில் இறங்கியபோது கோயில் வாசலில் வேன் மாலையோடு நின்றது. முத்தையா, அவர் மனைவி செல்வி, உறவு ஜனம் கொஞ்சம், மலைக்கு வந்த வேடிக்கை பார்க்கிறவர்கள் கொஞ்சம். வேட்டி கட்டி, வெறும் காலோடு முத்தையா ஏறி உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. பெல்ட் கிடையாது. ஆச்சி எழுதிய வரிகளை யாரோ வாசித்துக் காட்டி நடிக்க வைத்தது போல அப்படியே இருந்தது.

குருக்கள் சூடம் காட்டி முடித்ததும் அவரிடம் போய், சாமி, கொஞ்சம் ஓரமா வாங்க என்றேன். யார் இந்த அம்மா என்று பார்த்தார். வண்டிக் கம்பெனி என்றேன். ஒதுங்கிவிட்டார். முன்னால் நின்றவர்களையும் விரட்டினேன். என் குரல் உங்களுக்குத் தெரியும், விரட்டினால் விரட்டியதுதான். முத்தையா தலையை வெளியே நீட்டிக் குனிந்து, மெல்ல மிதித்தார். வேன் ஒரு விரல் அளவு ஊர்ந்து, நின்றுவிட்டது. மின்சார வண்டி, சத்தமும் இல்லை. இன்னும் அமுக்கினார் என்று அவர் முழங்காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவரும் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "என்னப்பா?" என்றார் ஒருவர்.

அப்போதுதான் வலது பக்கத்துப் பழம் ஒன்று டயருக்கு அடியிலிருந்து விலகி உருண்டது. அதனால்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு செல்வி, "இருங்க, இருங்க" என்று ஓடிவந்து வண்டிக்கு முன்னால் குனிந்தாள். நான் கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைவு, சத்தம் வந்ததா தெரியவில்லை. அதே நேரம், பின்னாலிருந்து வந்த ஒரு மாமா, கதவு திறந்து கிடக்கிறதே என்று டப்பென்று சாத்தினார்.

வேன் அசையவில்லை.

செல்வி நிதானமாகப் பழத்தை எடுத்து, சேலையில் துடைத்து, டயருக்கு முன்னால் நேராக வைத்தாள். எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு ஓரமாக வந்தாள். உள்ளே முத்தையா, திரையில் ஏதோ எழுத்து வந்திருப்பதைப் பார்க்க முன்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் காலை எடுத்தார். 'காலை எடுத்து மீண்டும் மிதிக்கவும்' என்று தமிழில் வர வேண்டும் என்று படுக்கையிலிருந்து சண்டை போட்டு வாங்கியவள் அவள்தான். மறுபடி மிதித்தார். வேன் பூனை மாதிரி நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கின. பூசணிக்காய் உடைந்தது.

என்னைத் தவிர அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. பயந்தவர் இல்லை, முகம் வாடியவர் இல்லை. குருக்கள் செல்விக்குக் குங்குமம் கொடுத்துக்கொண்டே, "ஒங்களுக்காக வண்டி நின்னு காத்திருந்துச்சும்மா. நல்ல சகுனம்" என்றார். செல்வி சிரித்தாள். நான் போய்க் கோயில் மதிலோரம் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழுத அழுகை இல்லை. பல மாதமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தது போல் இருந்தது. இதை அவளிடம் சொல்ல முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அதற்கும் சேர்த்து அழுதேன்.

அண்ணாமலை அண்ணனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி நின்றதை, செல்வி குனிந்ததை, கதவைச் சாத்தியதை. சொல்லி நிறுத்தும் இடத்தில் எல்லாம் அவர், "அப்புறம்?" என்றார். அண்ணன் தங்கை ஒரே அச்சு. "அப்புறம் ஒண்ணும் ஆகலண்ணே. எல்லாரும் பொங்கல் சாப்புட்டோம்" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு ஒன்று நீளமாக வந்தது.

ஆச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த 'அப்புறம்?' மட்டும்தான். எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு இனி சாப்பாட்டு வேளை தவறும், இப்போதே சொல்லிவிடுகிறேன். என் தட்டில் அப்பளம் இருந்தால் தருவேன்.

திரும்பும் வழியில் முத்தையா என்னைத் தன் புது வேனிலேயே ஏற்றிக்கொண்டார். எல்லோரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டு, கடைசியாக ஆச்சி வீட்டு வாசலில் என்னை இறக்கினார். அங்கே உட்கார்ந்துதான் அலுவலகத்துக்குச் சோதனை அறிக்கை அனுப்பினேன். வழக்கமாக 'தேறியது' என்று ஒரு சொல்லோடு முடிப்பேன். அன்று அதற்குக் கீழே, சோதித்துப் பார்த்துவிட்ட தைரியத்தில், அவளுடைய வரியையும் எழுதினேன். எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.